பிள்ளைகளோடு பாய்மரக் கப்பல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பெற்றோர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே கப்பல் என்று நான் சொல்வது கடையில் விற்கும் அலங்காரப் பொருள் இல்லை. அடிமரம் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் மரம்), வங்கு (விலா எலும்பு போல வளைந்த சட்டம்), பலகை, பாய்மரம், கயிறு என்று நிஜக் கப்பலைக் கட்டும் அதே வரிசையில், மரத்தில், பிள்ளைகள் கையால் கட்டும் சின்னக் கப்பல்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

ஆறு வயதுப் பிள்ளைக்கு உப்புத்தாள் தேய்க்க வரும், வண்ணம் அடிக்க வரும், நூலுக்கு மெழுகு பூச வரும். எட்டு ஒன்பது வயதில் பலகையை அளந்து ஒட்டலாம். பத்து வயதானால், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க, மெல்லிய பிளேடு போட்ட ஃப்ரெட்சாவால் (வில் வடிவச் சின்ன ரம்பம்) அறுக்கலாம். கட்டர் கத்தியையும் உளியையும் பன்னிரண்டு வயதுக்குமுன் கொடுக்க வேண்டாம். கத்தியால் வெட்ட வேண்டிய இடம் முழுவதும் உங்கள் வேலை. மற்றதெல்லாம் அவர்கள் வேலை. வீசிங் தொல்லை உள்ள பிள்ளையாக இருந்தால் உப்புத்தாள் வேலையை மொட்டை மாடியில், மாஸ்க் போட்டுக்கொண்டு, மரத்தை லேசாக ஈரமாக்கித் தேய்க்கட்டும்.

முதலில் எந்தக் கப்பல்?

கட்டுமரம். பலருக்கு இந்தப் பதில் ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் இதைத்தான் சொல்வேன். ஐந்து கட்டைகள், குறுக்கே இரண்டு கட்டு, ஒரு மூங்கில் மரம், ஒரு முக்கோணப் பாய். சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிந்துவிடும். நிஜக் கட்டுமரத்தில் நடுக்கட்டை தாழ்ந்தும் ஓரக்கட்டைகள் சற்று உயர்ந்தும் இருக்கும், முன்பக்கம் மேலே தூக்கியிருக்கும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். அதனால் நீங்களும் பசை போடாதீர்கள், கயிறு மட்டும். பிள்ளை நாலு தடவை அவிழ்த்துக் கட்டட்டும். முடிச்சு இறுகாமல் இருந்தால் கட்டை நழுவுவதை அது தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும்.

அடுத்ததாக ஒற்றைப் பாய்மரத் தோணி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணிகளின் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், ஏழு குறுக்குத் தகடு (வங்குக்குப் பதிலாக அடிமரத்தின்மேல் குறுக்கே நிறுத்துவது, இதன் ஓரத்தில்தான் பலகையை ஒட்டுவோம்). கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் இந்தத் தோணிக்குத்தான்.

நம்ம ஊரு மசூலா படகைச் செய்யலாமா?

தாராளமாக. சென்னையில் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டன. ஆளும் சரக்கும் கரை சேர்ந்தது மசூலா படகில். ஆணி அடித்துக் கட்டிய படகு இந்த அலையில் தரை தட்டினால் உடைந்துவிடும். மசூலாவின் பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை, உள்ளே வங்கும் கிடையாது, அதனால் அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும். அது துடுப்புப் படகு, பாய் இல்லை. ஆனால் பலகை தைக்கும் வேலைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. பலகையின் ஓரத்தில் ஒரு செ.மீ.க்கு ஒரு துளை, இரட்டை நூல், தையலுக்கு அடியில் தென்னை நார். பத்து வயதுப் பெண் பிள்ளைகளும் பையன்களும் இதில் ஒன்றிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பையன் சோழர் கப்பல்தான் வேணும் என்று அடம் பிடிக்கிறான். என்ன செய்வது?

ராஜேந்திர சோழன் 1025ல் கடாரத்துக்குப் படை அனுப்பியது வரலாறு. ஆனால் அந்தக் கப்பல்களில் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை, அளவு போட்ட வரைபடமும் இல்லை. புலிக்கொடி பறக்க விற்கும் மாடல்கள் எல்லாம் செய்தவரின் கற்பனை. இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பிறகு நம்மிடம் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. அஜந்தா ஓவியத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. அந்த ஓவியத்தைப் பார்த்து, ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கௌண்டின்யா என்ற நிஜக் கப்பலை இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்டது. அதன் படங்களைக் காட்டினால் அடம் பாதி இறங்கிவிடும். தோணியை முடித்த பிறகு கௌண்டின்யாவையே அடுத்த கப்பலாக எடுத்துக்கொள்ளலாம்.

வரைபடம் எங்கே கிடைக்கும்?

முதலில் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிக்கூட லீவும் அப்போதுதான். ஓய்ந்து நிற்கும் படகுகளில் அந்த நாட்களில்தான் பழுது பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வண்ணம் அடிப்பார்கள். இப்போது ஃபைபரும் இரும்பும்தான் அதிகம்; இருந்தாலும் கரையேற்றிய மரப்படகு ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். பலகையைக் கழற்றியிருந்தால் உள்ளே வங்கு வரிசையாகத் தெரியும். ‘அண்ணே, புள்ளைக்குக் காட்டட்டுமா’ என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே கூப்பிட்டு விளக்குவார்கள். காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள், படகுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டைப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள்.

அணியத்திலிருந்து (முன்முனை) அமரம்வரை (பின்முனை) எத்தனை வங்கு, அவற்றுக்கு இடையே எத்தனை சாண், எந்த இடத்தில் படகு அதிக அகலம் என்று பிள்ளை நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்து கிராஃப் தாளில் மூன்று படம் போடுங்கள்: பக்கவாட்டிலிருந்து, மேலிருந்து, முன்னாலிருந்து. ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் பெரிய கிராஃப் தாள் கேட்டால் கிடைக்கும். இப்படி வரைந்த தோணி துல்லியமாக இருக்காது, ஆனால் பிள்ளை அதன் ஒவ்வொரு கோட்டையும் தெரிந்து வைத்திருக்கும்.

மரத்துக்கு என்ன செய்வது?

அடிமரத்துக்கும் குறுக்குத் தகடுகளுக்கும் 3 மி.மீ. பிளைவுட். பலகைக்கு ஐஸ் குச்சி போதும். கைவினைப் பொருள் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். பால்சா மரம் அறுக்கவும் வளைக்கவும் சுலபம், ஆனால் நகம் பட்டாலே குழி விழும். தேக்குத் துண்டை ஆசாரியிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். அழகாக இருக்கும், ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டவும் வளையவும் அடம் பிடிக்கும். அதைக் கப்பலை நிறுத்திவைக்கும் தாங்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாய்மரத்துக்கு மூங்கில். பாயைக் கட்டும் குறுக்குப் பருமலுக்கு எரிந்து முடிந்த ஊதுவத்தியின் குச்சி. காத்தாடிக்குப் போடும் மூங்கில் சிம்பு வளைந்த வேலைகளுக்கு அருமை. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு கிட் வாங்கலாமா?

முதல் கப்பலுக்கு வேண்டாம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வாங்கி வந்துவிட்டால், ஒற்றைப் பாய்மரம் உள்ள சின்னதாக இருந்தால் பிரியுங்கள். எல்லோரும் ஆசைப்படுவது விக்டரி; 1805ல் டிரஃபால்கர் போரில் நெல்சன் இருந்த கப்பல், இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறது. நூறு பீரங்கியும் மூன்று பாய்மரமும் உள்ள அதைச் செய்து முடிக்க வருடக்கணக்கு ஆகும். பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

வீடு சின்னது. எங்கே வைத்து வேலை செய்வது?

கேரம் போர்டைத் திருப்பிப் போட்டால் நல்ல தட்டையான மேசை. பின்பக்கத்தில்தான், ஆடும் பக்கத்தில் பசை பட்டால் அப்புறம் ஆட முடியாது. அதன்மேல் கப்பலைக் குண்டூசியால் நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் போர்டோடு தூக்கிப் பரணில் வைத்துவிடலாம். சின்னச் சாமான்களுக்கு ஸ்வீட் டப்பா.

1:50 என்றால் என்ன? பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

களிமண்ணில் 3.4 செ.மீ. உயர ஆள் ஒன்று செய்யச் சொல்லுங்கள். 1:50 அளவில் அது 170 செ.மீ. உயர மனிதர். நம் 30 செ.மீ. தோணி நிஜத்தில் 15 மீட்டர். இனி எந்த அளவு சந்தேகம் வந்தாலும் அந்த ஆளைத் தூக்கித் தளத்தில் நிறுத்துங்கள். பக்கத்துத் தடுப்பு அவர் இடுப்புக்கு வருகிறதா? கதவில் குனியாமல் நுழைவாரா? கயிறு அவர் தொடையளவு தடியாக இருக்கிறதா? வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் வேலையை அந்தக் களிமண் மாலுமி பார்த்துக்கொள்வார்.

பலகை ஒட்டும்போது முன்பக்கம் வந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறதே?

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன்.

கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஒரே அகலப் பலகைகள் நடுவில் சரியாக உட்கார்ந்து, முன்னால் இடம் இல்லாமல் நெருக்கும். அதனால் ஒவ்வொரு பலகையும் முன்பக்கம் மெலிய வேண்டும். எவ்வளவு மெலிய வேண்டும் என்பதற்கு ஒரு காகித நாடா போதும். நடுத் தகட்டின் ஒரு பக்கத்தில், மேல் விளிம்பிலிருந்து அடிமரம்வரை நாடாவைப் படியவைத்து அளங்கள். 75 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் குச்சியை நெடுக இரண்டாகப் பிளந்தால் ஏறக்குறைய 5 மி.மீ.; அப்படியானால் பக்கத்துக்குப் பதினைந்து பலகை. இப்போது முதல் தகட்டில் அளங்கள். 48 மி.மீ. என்றால், பதினைந்தால் வகுக்க 3.2. ஒவ்வொரு பலகையும் முன்நுனியில் 3.2 மி.மீ.க்கு இறங்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே போகும்படி கணக்கு வந்தால், ஒரு பலகையை அணியத்தை எட்டுவதற்குமுன்பே நிறுத்திவிட்டு எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஐஸ் குச்சி நீளம் போதாது, இரண்டு மூன்றை நுனியோடு நுனி சேர்க்க வேண்டும். சேரும் இடம் ஒரு தகட்டின்மேல் வரட்டும். அடுத்த வரிசையின் சேர்க்கை வேறொரு தகட்டில் வரட்டும். செங்கல் அடுக்குவது மாதிரி.

பலகை வைப்பதற்குமுன் தகடுகளின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். ஒரு நீளக் குச்சியில் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு மூன்று தகடுகள்மேல் சேர்ந்தாற்போல் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மெல்லிய சிம்பை அணியத்திலிருந்து அமரம்வரை வளைத்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாத் தகட்டையும் அது தொட வேண்டும். எங்கேயாவது வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தகடு உள்ளே இருக்கிறது, ஒரு சின்னத் துண்டை ஒட்டி உயர்த்துங்கள். பிள்ளைகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்த வெளிச்சத்தைத் தேடுவதைப் பார்க்கவே இந்த வேலையைச் செய்யலாம்.

இடதுபக்கம் ஒரு பலகை, உடனே வலதுபக்கம் ஒரு பலகை. ஒரே பக்கமாக ஐந்தாறு ஒட்டிவிட்டால் அடிமரம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், பிறகு நிமிர்த்த வழியில்லை.

அணியத்தில் வளையும் குச்சிகளை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள், அல்லது இட்லிப் பானை ஆவியில் வைத்து எடுங்கள். சூட்டோடு ஒரு டம்ளரைச் சுற்றி வளைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, மறுநாள்வரை காயவிடுங்கள். அடுப்புப் பக்கம் உங்கள் கை மட்டும்தான். காய்ந்த பிறகுதான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது பலகை சுருங்கி, இடையில் இடுக்கு விழும்.

எந்தப் பசை?

வெள்ளை ஃபெவிகால். ஒட்டிய பலகையைத் துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துவிட்டு அடுத்த வாரம் பார்த்தாலும் சரிதான். பிள்ளை இருக்கும் இடத்தில் ஃபெவிக்விக் வேண்டாம். விரலை ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பருத்தித் துணியில் அதிகம் சிந்தினால் தோல் சுடும் அளவுக்குச் சூடாகும் என்பது பலருக்குத் தெரியாது. சிந்தியதைப் பழைய பனியனால் துடைக்கவே கூடாது.

இரண்டு பிள்ளைகள், ஒரு கப்பல். சண்டை வராதா?

இடதுபக்கம் அக்காவுக்கு, வலதுபக்கம் தம்பிக்கு. பலகை எப்படியும் ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் அடுத்ததற்குப் போக முடியாது. பெரியவள் பக்கம் வழவழப்பாக இருக்கும், சின்னவன் பக்கம் கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கும். இருக்கட்டும்.

கோணலாக ஒட்டினால், தூங்கின பிறகு நாங்கள் சரிசெய்து வைக்கலாமா?

கூடாது. பிள்ளைகள் தங்கள் பலகையை அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். காலையில் எழுந்து பார்த்து ‘இது நான் ஒட்டினது இல்ல’ என்று சொன்னால், அதன்பிறகு அந்தக் கப்பல் உங்களுடையது. அவர்கள் திரும்பி வர மாட்டார்கள். கப்பலே தாங்காது என்ற அளவுக்குக் கோணலாக இருந்தால், பிள்ளையை வைத்துக்கொண்டு காட்டி, ஈரத்துணி வைத்துப் பசையை இளக்கி, அதையே கழற்றி ஒட்டச் சொல்லுங்கள். வெறும் பார்வைக்குக் கோணல் என்றால் கையை எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

கயிறுக்கு என்ன நூல்?

மாஞ்சா மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய லொட்டாயில் (காத்தாடி நூல் சுற்றும் கட்டை) மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். கண்ணாடித் தூள் விரலை அறுக்கும், சென்னையில் தடையும் இருக்கிறது. பருத்தித் தையல் நூலை இரண்டு மூன்றாக முறுக்கி, தேன் மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கிவிடும். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கயிறுகள் தார் பூசியவை, அதனால் கறுப்பு, 1 மி.மீ. தடிமன். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் முதலியவை இளம்பழுப்பு, அரை மி.மீ. போதும், டீ டிக்காஷனில் நனைத்தால் அந்த நிறம் வந்துவிடும். நிறுத்தும் கயிறுகளை முதலில் முடியுங்கள், மற்றவை பிறகு.

வீட்டிலோ தெருவிலோ வலை பின்னத் தெரிந்த தாத்தா இருந்தால் பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். வலை ஊசி பிடித்த கை போடும் முடிச்சைப் புத்தகம் பார்த்துப் போட வராது.

பாய்க்கு?

பழைய வேட்டி. இவ்வளவு சின்னக் கப்பலுக்குப் புதுத்துணி ரொம்பத் தடி. டீயில் நனைத்து உலர்த்தி, துணிகளைச் சேர்த்துத் தைத்த கோடுகளைப் பென்சிலால் போட்டு, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலில் தோய்த்து, ஒரு சொம்பின்மேல் காயவைத்தால் காற்று நிரம்பிய வடிவம் நிற்கும்.

தண்ணீரில் விடலாமா?

பிள்ளைகள் முதல் நாளே கேட்பது இதைத்தான். விட வேண்டும் என்றால் கட்டும்போதே முடிவு செய்யுங்கள். சாதாரண ஃபெவிகால் தண்ணீரில் இளகும். அதே கம்பெனியின் மரைன் வகை வேண்டும். உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ். பாயும் மரமும் மேலே கனம் என்பதால் அடியில் பாரம் இல்லாமல் கப்பல் நிற்காது. வலைக்குப் போடும் ஈயக் குண்டு சரியான கனம்தான், ஆனால் ஈயம் பிள்ளைகள் கையில் புழங்கக் கூடாது. இரும்பு நட்டு போல்ட் போதும். தளத்தை மூடுவதற்குமுன் பெரிய டப்பில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாக அடிமரத்தின் இருபுறமும் வையுங்கள். விரலால் சாய்த்து விட்டால் தானே நிமிர வேண்டும். நிமிர்ந்ததும் அந்த நட்டுகளை அங்கேயே ஒட்டிவிடுங்கள். கடலில் விட வேண்டாம். நம் பக்கம் கரை முழுக்கப் பாறை போட்டிருக்கிறது, கப்பல் பின்னால் பிள்ளை ஓடும்.

மழைக்காலத்தில் செய்யலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் பசை காய இரண்டு மடங்கு நேரம் ஆகும், மரம் ஊதும். பலகை வேலையைத் தள்ளிவைத்து நங்கூரம், சுக்கான், பாய் முதலியவற்றைச் செய்யுங்கள். மழையில் இழுத்துக் கட்டிய பருத்திக் கயிறு வெயிலில் தொய்யும் என்பதால் கயிறு வேலை தை பிறந்த பிறகு. உப்புக் காற்றில் குண்டூசி துருப்பிடித்து மரத்தில் கறை இறங்கும். பசை காய்ந்ததும் உருவிவிடுங்கள். நிரந்தரமாக நிற்க வேண்டிய இடத்தில் மூங்கில் முளை அடியுங்கள்.

முடிந்த கப்பலை எங்கே வைப்பது?

வெயில் நேராகப் படாத இடத்தில், கண்ணாடிக்குள். பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து மூடினால் கச்சிதம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஒழுகும் தொட்டியை மலிவாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தோணி முடிந்தது. அடுத்து?

அன்னபூரணி. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிப்போய் 1938ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாறியது. நிழற்படங்கள் இருக்கின்றன, அதனால் கற்பனையை நம்பிச் செய்ய வேண்டியதில்லை. நீளம் 89 அடி. 1:50ல் 54 செ.மீ. வரும், பரணில் ஏறாது. 1:72 எடுத்துக்கொண்டால் 38 செ.மீ.க்குள் அடங்கும். களிமண் ஆளை மட்டும் 2.4 செ.மீ.க்குப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.